குந்தவைப் பிராட்டியாரின் நகைக்கொடைகள்: தஞ்சைக் கல்வெட்டுகளின் வழி மூலம் தேடல்

ஆய்வுச்சுருக்கம்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசனின் தமக்கையும் வல்லவரையர் வந்தியதேவரின் மகாதேவியுமான குந்தவைப் பிராட்டியார் அளித்த நகைகள் எடை, கல், முத்து, விலை ஆகிய விவரங்களோடு பதிவாகியுள்ளன. இந்நகைகள் எங்கிருந்து வந்தன என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. அரசனின் கொடைகளுள் ஒரு பகுதிக்குப் போர்ப்பொருள் என்னும் மூலம் கல்வெட்டிலேயே சொல்லப்படுகிறது. குந்தவையின் கொடைகளுக்கு அத்தகைய கூற்று இல்லை. இந்த வேறுபாட்டைத் தொடக்கமாகக் கொண்டு பொன், முத்து, வைரம், மாணிக்கம், பவழம் ஆகியவற்றின் மூலத்தை எந்த அளவுக்கு நிறுவ முடியும் என்பது தனித்தனியே ஆராயப்படுகிறது. கல்வெட்டுப் பட்டியல் நகையின் பிறப்பிடத்தைப் பதிவதற்காக எழுதப்பட்டதன்று. நகை மாறாமலும் குறையாமலும் இருப்பதற்காக எழுதப்பட்டது. மூலம் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்று அந்தக் கணக்கெழுத்தின் துணைவிளைவே என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: குந்தவைப் பிராட்டியார், தஞ்சைக் கல்வெட்டு, நகைக்கொடை, முத்துவகை, எடைக்கல், கோயில் பண்டாரம்.

1. முன்னுரை

சோழ அரசியரின் நகைகள் பற்றிய ஆர்வம் அண்மை ஆண்டுகளில் பொதுவெளியில் பெருகியிருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' புதினம் திரைப்படமாக வந்தபின் குந்தவையின் பெயரில் மாலைகளும் தோடுகளும் விற்பனைக்கு வந்தன. திரைப்படத்திற்கென வடிவமைக்கப்பட்ட அணிகலனைச் சோழர் காலத்து அணிகலனாகவே கருதும் போக்கும் உருவாகியுள்ளது. ஆய்வுலகம் இதனைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடலாம். ஆனால் ஓர் உண்மை நம்மைத் தடுக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் அரசியின் நகைக்கொடை குறித்து இவ்வளவு நுணுக்கமான சமகாலப் பதிவு கிடைப்பது மிக அரிது. அப்பதிவு என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை வரையறுக்காமல் இருப்பது நம் பக்கத்துக் குறையாகும்.

தஞ்சைக் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியின் இரண்டாம் மடலாக, முதற்பகுதி 1891இல் ஹுல்ட்ஸ் பதிப்பில் வெளிவந்தன. அவற்றை அடிப்படையாகக் கொண்டு கோயில் பொருளாதாரம், ஊர்ச்சபைகளின் கடன்முறை, ஆடல்மகளிர் குடியிருப்பு முதலியன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. நகைப்பட்டியல்கள் பெரும்பாலும் செல்வச்செழிப்புக்குச் சான்றாகவே எடுத்துக்காட்டப்பட்டு வந்துள்ளன. அவற்றுள் பொதிந்துள்ள பொருள்சார் செய்திகளை மூலம் என்னும் நோக்கில் வாசிப்பது இக்கட்டுரையின் முயற்சி.

'மூலம்' என்னும் சொல் இங்கே மூன்று பொருள்களில் வருகிறது. ஒன்று, நகை எவருடைய கையிலிருந்து கோயிலுக்கு வந்தது என்பது. இரண்டு, பொன்னும் கல்லும் எந்த நிலத்தில் அல்லது கடலில் தோன்றின என்பது. மூன்று, நகையின் வடிவம் எந்த மரபைச் சேர்ந்தது என்பது. இம்மூன்றையும் கலந்து பேசுவதாலேயே பல குழப்பங்கள் நேர்கின்றன.

2. கொடுத்தவரும் அணிந்தவரும்

பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்க வேண்டிய பொன்வேய்ந்த செப்புக்குடத்தை இராசராசன் அளித்தது அவனது 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள், அதாவது பொ.ஆ. 1010. அதே கோயிற்சுவரில் தன் கொடைகளையும் தமக்கையின் கொடைகளையும் தேவியரின் கொடைகளையும் பிறருடைய கொடைகளையும் கல்லில் வெட்டுமாறு அரசன் ஆணையிட்டான். அவ்வாணையில் தமக்கை அரசனுக்கு அடுத்தும் தேவியருக்கு முன்பும் வைக்கப்படுகிறார். குந்தவையின் தகுதியை இவ்வரிசையே காட்டிவிடுகிறது.

குந்தவை தஞ்சைக் கோயிலில் எழுந்தருளுவித்த திருமேனிகள் இரு வகையின. தட்சிணமேருவிடங்கர், தஞ்சைவிடங்கர் ஆகியோரின் தேவியராகிய உமாபரமேசுவரித் திருமேனிகள் ஒரு வகை. பொன்மாளிகைத் துஞ்சின தேவர் எனப்பட்ட தம் தந்தை சுந்தர சோழருக்கும் தம் தாயாருக்கும் எடுத்த திருமேனிகள் மற்றொரு வகை. கணவர் இறந்தபோது தாயார் வானவன்மாதேவி உடன்கட்டை ஏறியதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு கூறுகிறது. இத்திருமேனிகளுள் தேவியர்க்கு அளிக்கப்பட்ட நகைகளே நம் ஆய்வுப்பொருள்.

இங்கே ஒரு தெளிவு தேவை. குந்தவையின் நகைகள் என்று நாம் அழைக்கும் பட்டியலில் குந்தவை தாமே அணிந்தது என்று குறிக்கப்பட்ட நகை இல்லை. பட்டியலில் காணும் திருப்பட்டிகை, திருமாலை, தோடு, வாளி, தாலி, கடகம், மோதிரம் போன்றவை உலோகத் திருமேனிக்கு உரியவை. 'திரு' என்னும் அடை சில பெயர்களுக்கு முன் வருவதும் அதனாலேயே. ஆகவே அரசியின் அணிகலப்பெட்டி நம் கண்முன் இல்லை. அரசி தம் செல்வத்தால் தெய்வத்திற்கு உண்டாக்கிய அணிகலப்பெட்டியே கல்வெட்டில் உள்ளது. அரசகுலப் பெண்கள் அணிந்தவற்றின் வடிவம் இவற்றை ஒத்திருக்கலாம். அது ஊகமே. இன்று குந்தவையின் பெயரில் விற்கப்படும் நகைகளுக்குக் கல்வெட்டைச் சான்றாகக் காட்டுவோர் இந்த முதற்படியிலேயே தவறுகின்றனர்.

தேவியரின் கொடைகளும் இத்தன்மையனவே. உலோகமாதேவியார் பிச்சதேவர் திருமேனியையும், திரைலோக்கியமாதேவியார் கல்யாணசுந்தரர் திருமேனியையும் எழுந்தருளுவித்தனர். அரண்மனை மகளிர் ஒவ்வொருவரும் தமக்குரிய திருமேனி ஒன்றைத் தேர்ந்து அதற்குப் பொருள் வைப்பது இக்கோயிலின் கொடைமுறையாக அமைந்திருக்கிறது.

3. சொல்லப்பட்ட மூலமும் சொல்லப்படாத மூலமும்

இராசராசன் அளித்த நகைகளுள் ஒரு தொகுதியைப் பற்றிப் பேசும்போது, மலைநாட்டில் சேரனையும் பாண்டியரையும் வென்று கைப்பற்றிய பண்டாரத்திலிருந்து அவை செய்யப்பட்டன எனக் கல்வெட்டு வெளிப்படையாகக் கூறுகிறது. மேலைச்சாளுக்கிய மன்னன் சத்தியாசிரயனை வென்று திரும்பியபோது இறைவன் திருவடியில் இட்ட பொற்பூக்களும் தனியே குறிக்கப்படுகின்றன. அரசனுக்கு மூலத்தைச் சொல்வது பெருமை. போரில் வென்ற பொருள் தெய்வத்தை அடைந்தது என்னும் செய்தி அரசாட்சியின் புகழோடு சேர்ந்தது.

குந்தவையின் கொடைப்பகுதிகள் அவ்வாறு தொடங்குவதில்லை. அவர் இன்னாரின் தமக்கை, இன்னாரின் மகாதேவி என்னும் உறவுத்தொடருக்குப்பின் நேரடியாகக் கொடைப்பொருள்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன. இந்த மௌனத்தை எவ்வாறு புரிந்துகொள்வது?

தம்பியின் போர்ப்பொருளிலிருந்து தமக்கைக்கும் பங்கு சென்றது, அதுவே நகையாயிற்று என்பது எளிய விடை. அதற்கு வாய்ப்பு உண்டு, சான்று இல்லை. எதிர்ப்பக்கத்தில் ஒரு குறிப்பு கவனத்திற்குரியது. திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில், அன்றைய இராசராசபுரத்தில், குந்தவை திருமாலுக்கும் சிவனுக்கும் சமணர்க்கும் கோயில்கள் எடுத்தார். இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு அக்கோயில்களுக்கு அவர் அளித்த பொன், வெள்ளி, முத்து அணிகலன்களைக் கூறுகிறது. தஞ்சை விமானத்தில் குடம் ஏறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, தலைநகருக்கு வெளியே, மூன்று சமயத்தாருக்கும் நகை வழங்கும் நிலையில் அவர் இருந்திருக்கிறார். ஊர்ச்சபைகளிடம் காசு கொடுத்து வைத்து, ஆண்டுக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 12½ வட்டி, கோயிலுக்கு வருமாறு செய்யும் முறையிலும் அவர் பங்குகொண்டார். தஞ்சையில் தந்தையின் பெயரால் ஆதுலசாலை அமைத்ததும் அவரே. இவை ஒருமுறை கிடைத்த கொள்ளைப்பொருளைச் செலவிடும் ஒருவரின் செயல்களாகத் தோன்றவில்லை. நீடித்த வருவாயும் கணக்கும் உடைய ஒரு செல்வநிலையையே அவை சுட்டுகின்றன. எனவே முதற்பொருளிலான மூலம், அதாவது நகை வந்த கை, குந்தவையின் சொந்த உடைமை என்ற அளவிலேயே நிறுவத்தக்கது. அவ்வுடைமைக்குள் போர்ப்பங்கு எவ்வளவு, நிலவருவாய் எவ்வளவு என்று பிரிப்பதற்குக் கல்வெட்டு இடம் தரவில்லை.

4. பொன்

இரண்டாம் பொருளில் மூலம் தேடும்போது பொன்தான் மிகக் குறைவாக உதவுகிறது. கல்வெட்டு பொன்னைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் அளவுகளில் தருகிறது. 2 குன்றி 1 மஞ்சாடி, 20 மஞ்சாடி 1 கழஞ்சு. கழஞ்சு ஏறத்தாழ 5 கிராம் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அளவு நுணுக்கம் மிகுதி, பிறப்பிடக் குறிப்பு இல்லை.

11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்கபாடி சோழர் ஆட்சிக்குட்பட்டது. கோலார்ப் பகுதி நிகரிலிச்சோழ மண்டலம் என்னும் பெயரால் சோழர் நிருவாகத்திற்குள் வந்தது. இதைக்கொண்டு தஞ்சைப் பொன் கோலார்ப் பொன்னே என்று எழுதும் வழக்கம் உண்டு. ஆனால் நிலம் கைப்பட்டது என்பதும் அந்நிலத்துச் சுரங்கப்பொன் இந்நகையில் உள்ளது என்பதும் வெவ்வேறு கூற்றுகள். வரியாக வந்த காசு, வணிகத்தில் வந்த கட்டி, பகைவரின் பழைய நகை, முன்னோர் சேமிப்பு ஆகிய அனைத்தும் தட்டாரின் மூசைக்குள் ஒன்றாகிவிடுகின்றன. உருகிய பொன்னுக்கு ஊர் இல்லை. சேரனிடமிருந்து வந்தது என அரசனின் கொடையைப் பற்றிக் கல்வெட்டு கூறும்போதும், அது கடைசியாகக் கைமாறிய இடத்தையே சொல்கிறது. அப்பொன் சேரநாட்டுக்கு எவ்வாறு வந்தது என்பது வேறு வரலாறு.

5. முத்து

முத்தின் நிலை வேறு. தஞ்சைப் பட்டியல்களில் முத்துகள் எண்ணிக்கையாலும் எடையாலும் மட்டுமன்றி வகையாலும் குறிக்கப்படுகின்றன. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என்பன அவற்றுட் சில. நீரோட்டத்தைக் கொண்டு குளிர்ந்த நீர், சிவந்த நீர் எனவும் பிரிக்கின்றனர்.

இச்சொற்கள் பெரும்பாலும் உருவத்தையும் ஒளியையும் பற்றியன. ஊர்ப்பெயர் எதுவும் இவற்றில் இல்லை. ஆயினும் இவ்வளவு வகைப்பெயர்கள் ஒரு கணக்கனின் கற்பனையில் தோன்றியிருக்க முடியாது. சிப்பியிலிருந்து வந்த முத்தைச் சல்லடையிட்டு, கையில் உருட்டி, வெயிலில் பார்த்துத் தரம்பிரிக்கும் ஒரு சந்தையின் மொழி இது. இரட்டை முத்தும் கறட்டு முத்தும் பட்டியலில் உள்ளமை குறிப்பிடத்தக்கது. தொலைவிலிருந்து மிகுந்த விலைக்கு வரவழைக்கப்படும் பொருளில் பொறுக்கியெடுத்த உயர்தரமே வரும். தரக்குறைவானதும் தாராளமாக வந்து சேர்ந்திருப்பது குளிக்கும் துறைக்கு அண்மையிலுள்ள நாட்டின் நிலையைக் காட்டுகிறது.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு மிகப் பழமையானது. கொற்கைத் துறையின் முத்தைச் சங்க இலக்கியம் அறியும். செங்கடல் வழிநூலான பெரிப்ளூசும் அதைக் குறிக்கிறது. கௌடிலீயம் முத்து வகைகளுள் தாம்ரபர்ணியையும் பாண்டியகவாடத்தையும் முதன்மையாகக் கூறுகிறது. இராசராசனின் காலத்தில் பாண்டிய நாடும் ஈழத்தின் வடபகுதியும் சோழர் கையில் இருந்தன. வளைகுடாவின் இரு கரைகளும் ஒரே ஆட்சிக்குக் கீழ் வந்தன. 1015இல் சீனப் பேரரசரின் அவையை அடைந்த சோழத் தூதுக்குழு கொண்டுசென்ற பொருள்களுள் முத்து முதன்மையானது எனச் சீன வரலாற்றுப் பதிவு கூறுகிறது. குந்தவையின் கொடைகள் பதிவான காலத்தை ஒட்டிய நிகழ்ச்சி இது. சோழ அரசு முத்தை வாங்கும் நிலையில் இல்லை, வழங்கும் நிலையில் இருந்தது என்பதற்கு இது சான்று.

இம்மூன்று சான்றுகளும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஆகவே குந்தவையின் நகைகளிலுள்ள முத்துகளின் பெரும்பகுதி மன்னார் வளைகுடாவைச் சேர்ந்தது என்னும் முடிவு, இக்கட்டுரையில் கூறப்படும் மூல முடிவுகளுள் மிக வலுவானது. இங்கும் தனியொரு முத்தைச் சுட்டி இன்ன பாரில் எடுத்தது என்று கூற இயலாது.

6. வைரமும் மாணிக்கமும்

வைரத்தைப் பொறுத்தவரை எதிர்மறைச் சான்றே போதுமானது. பிரேசிலின் வைரங்கள் 18ஆம் நூற்றாண்டில் அறியப்படும்வரை உலகச் சந்தைக்கு வைரம் வழங்கிய முதன்மை நிலம் இந்தியா. தென்னாட்டில் கிருஷ்ணை, பெண்ணை ஆறுகளின் படுகைகளே வைரம் கிடைத்த பகுதிகள். எனவே தஞ்சைத் திருப்பட்டிகையில் பதித்த வைரம் தக்காணத்தது என்று கொள்வதே பொருத்தம். கோல்கொண்டா வைரம் என்று எழுதுவது காலமுரண். அப்பெயரால் புகழ்பெற்ற சந்தை பல நூற்றாண்டுகள் பிற்பட்டது.

தஞ்சைக் கல்வெட்டு வைரத்தின் குறைகளை மறைப்பதில்லை. புள்ளி, வெடிப்பு, செம்புள்ளி, கரும்புள்ளி, வெந்ததுபோன்ற கறை ஆகியவை உள்ள கற்கள் உட்பட இத்தனை என்று எழுதுகிறது. இக்குறைப்பெயர்கள் பல வடமொழி இரத்தினபரீட்சை நூல்களின் கலைச்சொற்களோடு ஒத்துள்ளன. கல் பார்ப்போர் பயின்ற கல்வி ஒரு பரந்த வணிகவெளிக்குப் பொதுவானது என்பதை இது காட்டுகிறது. முத்துக்குத் துறைமொழி, வைரத்திற்கு நூல்மொழி. ஒரே பட்டியலுக்குள் இரண்டு சொல்வழக்குகள் அமைந்திருப்பதே அவ்விரு பொருள்களும் வெவ்வேறு வழிகளில் தஞ்சைக்கு வந்தன என்பதற்கான மறைமுகச் சான்றாகலாம். இக்கருத்தை ஒரு கருதுகோளாகவே முன்வைக்கிறேன்.

மாணிக்கம் மேலும் சிக்கலானது. ஈழத்தை வென்றதால் ஈழத்து மாணிக்கம் கிடைத்தது என்பது பலர் கூறும் விளக்கம். ஈழத்தின் மணிக்கற்கள் மிகுதியாகக் கிடைப்பது தென்மேற்கிலுள்ள இரத்தினபுரிப் பகுதியில். இராசராசனின் ஆட்சி நிலைபெற்றது பொலன்னறுவையை உள்ளிட்ட வடபகுதியில். ஐந்தாம் மகிந்தன் தென்னிலங்கையின் உரோகணத்திற்குச் சென்று, இராசேந்திரன் காலத்தில்தான் சிறைப்பட்டான். மணிகள் கிடைக்கும் நிலம் குந்தவையின் கொடைகள் நிகழ்ந்த ஆண்டுகளில் சோழரின் நேரடி ஆட்சியில் இருந்தது என்று உறுதியாகக் கொள்வதற்கில்லை. எனவே ஈழத்து மாணிக்கம் தஞ்சைக்கு வந்திருந்தால், வெற்றியைவிட வணிகமே அதற்கு நெருங்கிய காரணமாக இருந்திருக்கலாம். பர்மாவின் கற்களும் கடல்வழியே வரும் வாய்ப்பு இருந்தது. அன்றி, மாணிக்கம் என்று அன்று எண்ணப்பட்ட செங்கற்கள் அனைத்தும் இன்றைய கனிமவியல் கூறும் ஒரே கல் என்று கொள்ளவும் இயலாது. நிறமொத்த வேறு கற்களும் அப்பெயரில் அடங்கியிருக்கலாம்.

எனினும் மாணிக்கப் பட்டியலில் ஒரு சிறு குறிப்பு மிகப் பயனுடையது. குழி, வெட்டு, துளை, வெண்புள்ளி ஆகிய குறைகளோடு, தாய்ப்பாறையின் ஒட்டு நீங்காத கற்களும் உண்டு எனக் கல்வெட்டு கூறுகிறது. பல கைகள் மாறி, பலமுறை இழைக்கப்பட்டு வந்த பழைய நகையின் கல்லில் பாறை ஒட்டு எஞ்சுவது அரிது. ஆகவே கொடைக்கற்களுள் சிலவாவது சுரங்கத்திலிருந்து அதிகம் தேய்வுறாமல் புதிதாக வந்தவை. பகைவரின் முடியைக் கழற்றிச் செய்த நகை என்னும் காட்சி எல்லாக் கற்களுக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று பட்டியலில் இல்லை.

7. பவழம், இராசாவர்த்தம், நகைப்பெயர்கள்

எண்ணிக்கையிற் குறைந்தாலும் தொலைவால் முக்கியமானவை பவழமும் இராசாவர்த்தமும். நகைக்குரிய செம்பவழம் நடுநிலக்கடலிலிருந்து செங்கடல் வழியே இந்தியக் கரைக்கு வந்த வணிகப்பொருள். இராசாவர்த்தம் எனும் நீலக்கல்லின் பழைய முதன்மைச் சுரங்கங்கள் இன்றைய ஆப்கானித்தானின் படக்சான் மலைப்பகுதியில் உள்ளன. இவ்விரண்டும் சோழர் படை சென்ற நிலங்களல்ல. தஞ்சை நகைகளில் இவை இடம்பெற்றிருப்பது, வெற்றிகொண்ட நாடுகளின் பட்டியலைக் கொண்டு நகையின் மூலப்பட்டியலை எழுத முடியாது என்பதை உறுதிப்படுத்துகிறது.

மூன்றாம் பொருளிலான மூலத்திற்கு, அதாவது வடிவமரபுக்கு, நகைப்பெயர்களே சான்று. ஏகாவல்லி, சப்தசரி போன்ற வடமொழிப் பெயர்களும், தோடு, தாலி, காறை போன்ற தமிழ்ப்பெயர்களும் அருகருகே வருகின்றன. தஞ்சைக் கோயில் நகைகளுள் வடுகவாளி என்னும் காதணி வடுகர் நாட்டுப் பாணியைச் சுட்டுகிறது. சோனகச்சிடுக்கின் கூடு என்றொரு நகைப்பெயரும் அக்கல்வெட்டுகளில் உண்டு. சோனகர் என்னும் சொல் அன்று அராபிய வணிகரைக் குறித்தது. பெயர் ஒரு பாணியைச் சுட்டுமேயன்றி, அந்நகை அந்நாட்டில் செய்யப்பட்டது என்பதை நிறுவாது. தஞ்சையிலேயே தட்டாரும் இரத்தினம் தைப்போரும் கோயிற்பணியாளராக இருந்தனர். வடுகவாளியைத் தமிழ்த் தட்டாரே செய்திருக்கலாம். ஆயினும் கடல்வணிகரின் பெயரைத் தாங்கிய அணி கோயிற்கணக்கில் இயல்பாக எழுதப்படும் அளவுக்கு அவ்வடிவம் தஞ்சைக்குப் பழகிவிட்டது என்பது தெளிவு.

8. ஏன் இத்தனை நுணுக்கம்?

கல்லின் குறையையும் முத்தின் நீரையும் எழுதியவர்கள் அது வந்த ஊரை ஏன் எழுதவில்லை? விடை அப்பதிவின் நோக்கத்தில் உள்ளது.

பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல்லும், மணிகளையும் நகைகளையும் நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லும் கோயிலில் இருந்தன. எடைக்கற்களுக்கு இறைவன் பெயர்களே சூட்டப்பட்டிருந்தன. கோத்த சரடு, சட்டம், செப்பாணி, உள்ளே இட்ட அரக்கு, பிஞ்சு ஆகியவற்றுள் எவை எடையில் சேர்ந்தன, எவை நீக்கப்பட்டன என்பதும் எழுதப்படுகிறது. குந்தவையின் நகைகளுக்கு விலையும் காசுக்கணக்கில் தரப்படுகிறது. பண்டாரத்தைக் காப்போரும் கணக்கரும் பிரமதேய ஊர்களிலிருந்து அனுப்பப்பட்டனர்; பண்டாரத்திற்கு வருவோர் நிலமும் உறவும் உடையவராக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இழப்பு நேர்ந்தால் ஈடுகட்ட ஒருவர் இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

இந்தச் சூழலில் குறைகளைப் பட்டியலிடுவதன் பயன் விளங்கும். நல்ல கல்லை எடுத்துவிட்டுக் குறையுள்ள கல்லைப் பதிப்பது நகைத்திருட்டின் எளிய வழி. எந்தக் கல்லில் எந்தக் குறை முதலிலேயே இருந்தது என்று கல்லில் வெட்டிவிட்டால் அவ்வழி அடைபடும். அரக்கின் எடையைத் தனியே குறித்தால் பொன்னைச் சுரண்டி அரக்கை நிரப்ப முடியாது. ஆகவே கல்வெட்டு நகையின் அடையாளத்தைப் பதிந்தது; பிறப்பை அன்று. காப்பவனுக்குத் தேவைப்பட்டது அடையாளம். ஆராய்பவனுக்குத் தேவைப்படும் பிறப்பு, அவ்வடையாளச் சொற்களுக்கு இடையில் தற்செயலாகத் தங்கிவிட்டது.

அரசனுக்குப் போர்மூலம் சொல்லப்பட்டதும் இந்த நோக்கில் புதிய பொருள் பெறுகிறது. அது கணக்கின் தேவையன்று, மெய்க்கீர்த்தியின் நீட்சி. குந்தவையின் பகுதியில் மெய்க்கீர்த்திக்குரிய அந்தக் கூறு இல்லை; கணக்கு மட்டுமே உள்ளது. அவர் பகுதியின் மௌனத்தை மறைப்பு என்றோ புறக்கணிப்பு என்றோ கொள்ள வேண்டியதில்லை. போர் சார்ந்த புகழ்மொழி அரசனுக்கே உரியதாக இருந்த ஓர் எழுத்துமரபில், தமக்கையின் செல்வம் எடையாகவும் விலையாகவும் மட்டுமே பேசியது.

9. இன்றைய பொருத்தம்

பட்டியலிடப்பட்ட குந்தவையின் நகைகளுள் எதுவும் இன்று அடையாளம் காணத்தக்க நிலையில் இல்லை. பின்வந்த நூற்றாண்டுகளின் படையெடுப்புகளும் ஆட்சிமாற்றங்களும் கோயிற்பண்டாரத்தைக் கலைத்துவிட்டன. ஆனால் பதிவின் பயன் தீர்ந்துவிடவில்லை. தஞ்சைக் கோயிலிலிருந்து வெளியேறியதாகக் கருதப்பட்ட இராசராசன், உலோகமாதேவி ஆகியோரின் செப்புத்திருமேனிகள் 2018இல் அகமதாபாத்திலிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்டன. அம்முயற்சிக்கு அடிப்படை, கோயிலின் ஸ்ரீகாரியம் செய்த பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியன் அத்திருமேனிகளை எழுந்தருளுவித்ததைக் கூறும் கல்வெட்டு. மீட்கப்பட்டவை அவைதாமா என்பதில் அறிஞரிடையே முழு உடன்பாடு இல்லை. அந்த விவாதமும் கல்வெட்டு தரும் விவரங்களைச் சான்றாகக் கொண்டே நடக்கிறது.

நகைகளுக்கும் இது பொருந்தும். சோழர் காலத்தது, அரசியின் உடைமை என்னும் அடைமொழிகளோடு ஒரு நகை சந்தைக்கோ அருங்காட்சியகத்திற்கோ வரும்போது, எடை, கல்லெண்ணிக்கை, குறைக்குறிப்பு ஆகியவற்றைத் தஞ்சைப் பட்டியல்களோடு ஒப்பிட முடியும். அவ்வொப்பீட்டுக்கு ஏற்ற வகையில் எல்லா நகைப்பதிவுகளையும் கொடையாளர், திருமேனி, பொன்னெடை, கல்வகை, முத்துவகை, குறை, விலை என்னும் தலைப்புகளில் ஓர் அட்டவணையாகத் தமிழில் தொகுப்பது உடனடித் தேவை. பதிப்பு வெளிவந்து நூறாண்டு கடந்தபின்னும் அத்தகைய தொகுப்பு கைக்கெட்டும் கருவியாக இல்லாமை, நகைவிற்பனையாளரின் கற்பனைக்கு நாமே விட்டுக்கொடுத்த இடம்.

10. முடிவுரை

குந்தவைப் பிராட்டியாரின் நகைக்கொடைகளின் மூலத்தைத் தேடும்போது கிடைக்கும் விடைகள் ஒரே உறுதியுடையன அல்ல. நகை வந்த கை அவருடைய சொந்த உடைமை என்பது கல்வெட்டாலேயே நிறுவப்படுகிறது. முத்து மன்னார் வளைகுடாவைச் சேர்ந்தது என்பது வலுவான முடிவு. வைரம் தக்காணத்தது என்பது பொருத்தமான முடிவு. மாணிக்கத்திற்கு ஈழமும் கடல்கடந்த நிலங்களும் வாய்ப்புகளாகவே நிற்கின்றன. பவழமும் இராசாவர்த்தமும் தொலைவணிகத்தின் சாட்சிகள். பொன்னின் மூலம் காண இயலாதது. இவற்றை ஒருங்கே நோக்கினால், அரசகுலப் பெண்ணின் நகை என்பது தம்பியின் போர்வெற்றிகளின் எச்சம் என்னும் பொதுக்கருத்து நிலைபெறவில்லை. துறையும் சந்தையும் சுரங்கமும் கடல்வழியும் கலந்த ஒரு பொருளுலகத்தில், தம் கணக்கைத் தாமே நடத்திய ஓர் அரசியின் செல்வமாகவே அது தெரிகிறது.

நகைகள் போயின. அவற்றில் எந்தக் கல்லில் கரும்புள்ளி இருந்தது என்பது இன்றும் சுவரில் இருக்கிறது. அதை எழுதியவர்கள் வரலாற்றாசிரியருக்காக எழுதவில்லை. திருடனைக் கருதி எழுதினார்கள். நமக்கு அது சான்றாகக் கிடைத்துள்ளது. அச்சான்று தாங்கும் அளவுக்கு மட்டுமே அதன்மேல் முடிவுகளைக் கட்டுவது நம் கடன்.